கேணல் தன் மகளுக்குக் கட்டிய வீடு

கேணல் மௌத்தாகி இரண்டாம் நாள் பத்திரிகையில் அவரைப் பற்றி நாலு பந்தி வந்தது. எந்தப் படைப்பிரிவில் சேர்ந்தார், எந்தெந்த முகாம்களுக்குப் பொறுப்பாக இருந்தார், வீரத்துக்காக என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்றெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். கடைசி வரியில் ‘பாசமுள்ள தந்தை’ என்றிருந்தது. அதற்கு உதாரணம் எதுவும் கொடுக்கவில்லை. எனக்கு ஓர் உதாரணம் தெரியும். அதைக் கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியவன் நான்தான்.

நான் மேசன். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் புத்தளத்துக்கு வந்தவன். ஓ.எல். வரை படித்தேன். கணக்கும் தமிழும் நன்றாக வந்தன. பேச்சு வரவில்லை. இன்றைக்கும் வராது. ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து திறப்பைக் கையில் கொடுக்கும் நாள் வரைக்கும் வீட்டுக்காரரோடு நான் பேசியதை எல்லாம் எழுதினாலும் கொப்பியில் ஒரு பக்கம் நிறையாது. மேசன் வேலைக்கு இது ஒரு குறையில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, மதுரங்குளிச் சந்தியிலிருந்து களப்புத் தண்ணீர்ப் பக்கம் போகிற வீதியில் ஒரு கடைக்காரருக்கு மதில் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு உயரமான மனிதர் வான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மதிலைத் தோளால் தள்ளினார். பிறகு சப்பாத்துக் காலால் ஒரு உதை கொடுத்தார்.

“எப்ப கட்டின?”

“முந்தநாள்.”

“விழல்ல.”

“இல்ல சேர்.”

“நாளைக்கு வா.”

அதுதான் நேர்முகப் பரீட்சை.

அவர் மலாய்க்காரர். தகப்பன் பொலிஸில் இருந்தவராம். கல்யாணம் முடித்தது புத்தளத்தில் என்பதால், ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊருக்கே வந்துவிட்டார். தமிழ் பேசுவார், ஆனால் அணிவகுப்பில் கட்டளை கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத்தான் வெளியே வரும். ‘சரி’ என்பதற்குச் சிங்களத்தில் ‘ஹரி’ என்பார். எல்லோருக்கும் ‘நீ’தான். மகள் ஒருத்திக்கு மட்டும் ‘நீங்க’.

அந்த மகளுக்குத்தான் வீடு. எங்களுடைய ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். கேணலுக்கு ஒரே பிள்ளை. பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை நானா என்பாள். காலையில் அவள் உடுத்துப்போகிற அபாயாவைக் கேணல்தான் அயன் பண்ணுவார். பிள்ளை முதலாம் வகுப்பில் இருந்தபோது, லீவில் வந்த இரண்டு நாளும் வெள்ளைச் சட்டையின் மடிப்பை அயன் பண்ணிக் கொடுத்துத் தொடங்கினாராம். அடுத்தடுத்த லீவுகளிலும், ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. மனைவி இதைச் சொல்லும்போது குறை சொல்கிறாரா பெருமை சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. “எண்ட சாறிய ஒரு நாளைக்குச் சரி தொட்டாரா கேளுங்க” என்றார். நான் கேட்கவில்லை.

வீட்டின் படத்தைக் கேணலே கட்டத்தாளில் கீறிக் கொண்டுவந்தார். வடக்குத் திசைக்கு அம்பு போட்டிருந்தது.  எனக்குக் கல் எடுத்துக் கொடுக்க வந்த அண்ணன் அதைப் பார்த்தார். அவர் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று காலத்தில் கடலுக்குப் போக முடியாததால் என்னோடு வேலைக்கு வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் பேசாத பேச்சை எல்லாம் சேர்த்து அவர் பேசுவார்.

“தம்பி, இது வீடில்ல. பங்கருக்குக் குளியலறை வச்சிருக்கு.”

பிழை சொல்ல முடியாது. வாசற்கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு சுவர். இடதுபக்கம் திரும்பித்தான் உள்ளே போகலாம். ஒரு கதவுக்கு நேரே இன்னொரு கதவு எங்கேயும் இல்லை. ஜன்னல் என்று கீறியிருந்தவை ஓரடி உயரம், ஒன்றரை அடி அகலம், தரையிலிருந்து ஆறடிக்கு மேலே. மேலே ஓடு இல்லை, கொங்கிறீட் தட்டு. களப்பைப் பார்த்த மேற்குச் சுவர் முப்பத்திரண்டு அடி நீளம். அதில் ஒரு துவாரமும் இல்லை.

அவருடைய மனைவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது மாப்புள்ள வார வீடா, மாப்புள்ளயப் புடிச்சு அடைக்கிற வீடா?”

“பாதுகாப்பு” என்றார் கேணல்.

“காத்து?”

“ஃபேன் ஈக்கு.”

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. வேலை தொடங்கிய கிழமை, மகளைக் கூட்டிவந்து வெறும் மணலில் நிறுத்தினார். கையை மடக்கச் சொல்லி, முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு தடியில் பென்சிலால் கோடு போட்டார். அது குசினியில் சமைக்கிற மேடையின் உயரம். கையை மேலே நீட்டச் சொன்னார், குதிக்கால் எழும்பக் கூடாது என்றார். அது சாமான் வைக்கிற மேல்தட்டு. கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், படியின் உயரம், எல்லாவற்றுக்கும் அந்தத் தடியில் ஒவ்வொரு கோடு. நான் நாற்பது வீடு கட்டியிருப்பேன். ஒரு ஆளை அளந்து கட்டிய வீடு அது ஒன்றுதான்.

சுவர் இடுப்புக்கு வந்த சமயம், தங்கச்சி பாடசாலை விட்டு வரும்போது ஃபிளாஸ்கில் பிளேன்ரீ கொண்டுவந்தாள். கேணல் கம்பி எடுக்கச் சந்திக்குப் போயிருந்தார்.

“நானா, களப்புப் பக்கத்துச் செவத்துல ஒரு ஜன்னல் வைக்கேலாதா?”

“சேர்ட்ட கேளுங்க தங்கச்சி.”

“கேட்டேன். ஏழு வயசுலேந்து கேக்கிறன். நாங்க இருந்த ஆமி குவாட்டர்ஸ்லயும் ஜன்னலுக்கு முன்னால மண் மூட்டதான்.”

அவள் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “நான் இந்த வீட்டுல இரிக்க மாட்டன் நானா. மூச்சு முட்டும். பேசி வச்சிருக்கிற மாப்பிள்ளைக்குக் கொழும்புலதான் வேல. அங்க வாடகைக்கு ஒரு அனெக்ஸ் பாத்திருக்கு. கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் இருந்துட்டுப் போயிருவோம்.”

“சேருக்குத் தெரியுமா?”

“எப்படிச் செல்ற? வாப்பா இந்த வயசு வரைக்கும் என்னட்ட ஒண்டும் கேட்டதில்ல. இந்த வீட்ட எடுத்துக்கங்க எண்டு மட்டும்தான் கேட்டிருக்கார்.”

மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் வீடு கட்டுகிறார். அந்த வீட்டுக்காகவே மகள் போகப்போகிறாள். இது தெரிந்த ஒரே ஆள் நான். வாயில்லாத ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

நான் செய்தது இதுதான். மேற்குச் சுவரில், ஜன்னல் வைத்தால் எங்கே வருமோ அந்த இடத்தில், அதன் தலைக்கு மேலே வரவேண்டிய கம்பி போட்ட கொங்கிறீட் லிண்டலை ஊற்றினேன். அதற்குக் கீழே உள்ள கற்களைப் பக்கத்துச் சுவரோடு கோர்க்காமல், சீமெந்தைக் குறைத்துச் சும்மா அடுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் சுவர். எந்தக் காலத்திலாவது யாராவது மனம் மாறினால், அந்தத் துண்டை மட்டும் தட்டி எடுத்துவிடலாம். சுவர் வெடிக்காது. வாயைத் திறக்க முடியாதவனுக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் காலை கேணல் வந்தார். ஒவ்வொரு நாளும் வந்து கல் வரிசையை எண்ணுவார். லிண்டலுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இது என்ன?”

 “பெலத்துக்கு சேர்.”

கையில் எப்போதும் இருக்கும் பிரம்பால் அதைத் தட்டினார். எட்டிக் கம்பியின் முனையைப் பார்த்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“நல்ல வேல. ஏன் ஒண்டு? எல்லாச் செவத்துலயும் வை.”

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் ஆறு ஜன்னல்கள் மறைந்து நின்றன. மேற்கில் மூன்று, தெற்கில் இரண்டு, களஞ்சிய அறையில் ஒன்று. எல்லா லிண்டலுக்குக் கீழும் கற்களை அதே மாதிரிச் சும்மா அடுக்கினேன். பெலம் என்று சொல்லிப் பெலம் குறைத்த சுவர்கள். அதை அவர் ஒவ்வொரு நாளும் வந்து திருப்தியாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கற்பிட்டி அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார், “தம்பி, நீ வாய் திறக்காம ஒரு இராணுவத்தையே ஏமாத்திப்போட்டாய். வாய் திறந்தா என்ன நடக்கும்?”

ஒரு நாள் அவர் கேணலிடமே கேட்டுவிட்டார். “சேர், வீட்டில ஒரு பெரிய பதக்கம் கண்ணாடிக்குள்ள இருக்குதாமே, அது எதுக்குத் தந்தது?” கேணல் அவரைப் பார்த்து, “கல் நனைச்சியா?” என்று கேட்டார். அண்ணன் கல் நனைக்கப் போய்விட்டார்.

கொங்கிறீட் தட்டுப் போடுகிற நாள் வந்தது. நடு அறையின் தட்டில் ஒரு இரும்புக் கொழுக்கி வைக்கச் சொன்னார் கேணல். தொட்டில் கட்ட. மகளுக்குக் கல்யாணத் திகதியே அப்போது குறிக்கவில்லை. கொழுக்கி இரண்டு தட்டுக் கம்பிகளையும் சுற்றிப் பிடிக்க வேண்டும், நூறு கிலோ தாங்க வேண்டும் என்றார். தொட்டிலுக்கு நூறு கிலோவா என்று அண்ணன் கேட்கப் போனார். நான் கண்ணால் தடுத்தேன்.

கொங்கிறீட் இறுகி, பலகை கழற்றிய அன்று கேணல் நேரே அந்த அறைக்கு வந்தார். அடுத்த கிழமை சுவர் பூசுவதாக இருந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி, கொழுக்கியை இரண்டு கையாலும் பிடித்து, வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தொங்கினார். அறுபது வயது தாண்டிய மனிதர். அயன் பண்ணிய சேட். சப்பாத்து தரையிலிருந்து ஒரு அடி மேலே.

“எண்ட நிறை எம்பத்தி ரெண்டு” என்றார் தொங்கிக்கொண்டே. “பிள்ள இதவிடக் கனக்காது.”

சுவர் பூசிவிட்டால் லிண்டல் எங்கே என்று எனக்கே அடையாளம் தெரியாது. அதைவிட, இந்த வீட்டுக்கு வராத பிள்ளைக்காகத் தொங்குகிற அந்தச் சப்பாத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. என் வாழ்க்கையில் யாரும் கேட்காமல் நான் சொன்ன சொற்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

“சேர், தங்கச்சி இந்த வீட்டில இருக்க மாட்டா.”

அவர் கீழே இறங்கவில்லை. தொங்கிக்கொண்டே இருந்தார். முகம் மட்டும் என் பக்கம் மெல்லத் திரும்பியது, உடம்பும் கூடத் திரும்பியது.

“ஆர் சொன்ன?”

“அவவேதான்.”

“எங்க போற?”

“கொழும்புக்கு. அனெக்ஸ் ஒண்டு பாத்திருக்காம். ஜன்னல் இல்லாம மூச்சு முட்டுதாம்.”

“ஒனக்கு எப்பயிருந்து தெரியும்?”

“முதல் லிண்டல் போட முந்தியே.”

அப்போதுதான் கையை விட்டார். இறங்கி, வாளியை நிமிர்த்தி, அதன் இடத்தில் வைத்தார். பிறகு மேற்குச் சுவருக்குப் போய் லிண்டலுக்குக் கீழே பிரம்பால் தட்டினார். பக்கத்தில் தட்டினார். திரும்ப அங்கேயே தட்டினார். சத்தத்தில் வித்தியாசம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

“எத்தின?”

“ஆறு, சேர்.”

சீமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒரு இடத்துல, பகல்ல, ஒரு வீட்டுக்குள்ள இருந்தோம்” என்றார். “புழுக்கம். ஜன்னலத் திறக்கச் சொன்னது நான். ஜன்னலால சுட்டாங்க. ரெண்டு பேர் போயிட்டாங்க.” பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு, “அந்த நாளைக்குத்தான் அந்தப் பெரிய பதக்கம் தந்த” என்றார்.

 தொடங்கிய என் வாய் நிற்கவில்லை.

“மன்னாரில எங்கட வீட்டில நாலு ஜன்னல் சேர். நாலையும் கொண்டி போட்டுப் பூட்டிட்டுத்தான் வந்தோம். வாப்பா ரெண்டு தரம் இழுத்துப் பாத்தவர்.”

“பிறகு?”

“பிறகு என்ன சேர், வீடே இல்ல.”

கேணல் தலையை ஆட்டினார். நெடுநேரம் ஆட்டவில்லை, ஒரு தரம்தான். “ஹரி” என்றார்.

அன்று பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளங்கிக்கொண்டாள். நான் சாந்து குழைக்கிற பக்கம் திரும்பிக்கொண்டேன். கேணல் ஆறு லிண்டலையும் அவளுக்குக் காட்டினார், பிறகு இருவரும் மேற்குச் சுவருக்கு முன்னால் நின்று பேசினார்கள்.

“ஜன்னல் வச்சா நீங்க இருப்பீங்களா?”

“யோசிப்பன் வாப்பா.”

“ரெண்டு வைக்கலாம்.”

“ஆறு.”

“மூணு. கம்பி போட்டு.”

“வாப்பா, இது என்ன சமாதானப் பேச்சா? நானாவே ஆறுக்கு வேல செஞ்சி வச்சிருக்காரு.”

“நாலு.”

“களஞ்சியம் வாணாம். அத நீங்க வச்சிக்கங்க. மத்த அஞ்சும் வேணும். கம்பி போடுங்க, ஆனா செவத்தப் போல நெருக்கிப் போட வாணாம்.”

 கேணல் ஒரு கதிரையைக் கொண்டுவரச் சொன்னார். மகளை அதில் உட்காரச் சொல்லி, அவளுடைய கண் எந்த உயரத்தில் நிற்கிறது என்று சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டார். அதற்கு ஒன்றரை அடி கீழே இன்னொரு கோடு. “இதுலயிருந்து வெட்டு” என்றார் என்னிடம். நான் மனதில் வைத்திருந்த அளவைவிட அது பெரியது. லிண்டலின் அகலம் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். அண்ணன் பக்கத்தில் நின்று, “பெலத்துக்குத்தானே போட்டது” என்றார். கேணல் அவரைக் கல் நனைக்க அனுப்பவில்லை.

களஞ்சிய அறையின் ஜன்னல் இன்றைக்கும் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

மற்ற ஐந்தையும் இரண்டு நாளில் வெட்டித் திறந்தேன். சுவர் எங்கேயும் வெடிக்கவில்லை. நான் வெட்டுகிற இரண்டு நாளும் கேணல் வீட்டுக்கு வெளியே, களப்புப் பக்கத்தில், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதைப் பார்க்கிறார் என்று அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஒண்டுமில்ல தம்பி. ரெண்டு கொக்கு, ஒரு தோணி.”

பிறகுதான் சிக்கல். ஜன்னல் நிலைகளும் கம்பியும் செய்கிற தச்சர் சொன்ன நாளுக்குத் தரவில்லை. முதலில் மூன்று நாள் என்றார், பிறகு மரம் ஈரம் என்றார். ஐந்து பெரிய துவாரங்கள் சும்மா திறந்து கிடந்தன. உள்ளே களவெடுக்க மூன்று பை சீமெந்தும் ஒரு வாளியும்தான் இருந்தன. கேணல் ஒரு பாயையும் ஃபிளாஸ்க்கையும் பிரம்பையும் கொண்டுவந்து அங்கேயே தங்கிவிட்டார். மனைவி மூன்று நேரமும் சாப்பாடு அனுப்பினார். ஒரு நாள் சாப்பாட்டோடு அவரே வந்து, “ஆள் இல்லாத வீட்டுக்கு ஏன் காவல்?” என்று கேட்டார். “ஆள் வரப்போற வீடு” என்றார் கேணல். ஒன்பது இரவு அப்படி இருந்தார். காலையில் நாங்கள் போகும்போது சவரம் செய்து, சேட் மாற்றி, கண் சிவந்து நிற்பார். தூங்கினீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

பத்தாவது நாள் மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு நிலைகள் லொறியில் வந்தன. நானும் அண்ணனும் முதலாவதைத் தூக்கிக்கொண்டு நடு அறைக்குள் போனோம். மேற்குச் சுவரின் திறந்த ஜன்னலுக்கு நேர் கீழே பாயைப் போட்டுக் கேணல் தூங்கிக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கச்சான் காற்று உள்ளே வந்து அவருடைய சேட் கொலரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வெயில் ஜன்னலால் இறங்கி முழங்கால் வரைக்கும் வந்திருந்தது.

“எழுப்புவமா?” என்றார் அண்ணன். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

 நிலையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தோம். அப்போது தங்கச்சி பாடசாலை விட்டு வந்தாள். வாசலுக்குள் இருக்கிற சுவரைச் சுற்றி வந்தவள், தகப்பனைக் கண்டதும் நின்றாள்.

“எழுப்பாதீங்க” என்றாள். “வாப்பா பகல்ல தூங்கி நான் கண்டதில்ல.”

 அறையின் நீளத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“நானா, கட்டில இந்த ஜன்னலோட சேத்துப் போட்டா வெயில் அடிக்குமா?”

“காலமை அடிக்காது. பின்னேரம் அடிக்கும்.”

“எவ்வளவு நேரம்?”

“பொழுதுபடும் வரைக்கும், மஃரிப் வரைக்கும் அடிக்கும் தங்கச்சி. உப்புக் காத்தும் வரும். ஜன்னல் பிணைச்சல் இரும்பெல்லாம் கறள் பிடிக்கும்.”

“பிடிக்கட்டும்” என்றாள்.

என்னிடம் சோக்கட்டியை வாங்கி, அபாயாவின் விளிம்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து, தரையில் கட்டிலுக்குக் கோடு கீறினாள். மூன்று பக்கமும் கீறிவிட்டாள். நாலாவது கோடு அவருடைய பாய்க்குக் கீழால் போகவேண்டியிருந்தது. அதை நாளைக்குக் கீறலாம் என்று சோக்கட்டியைத் திருப்பித் தந்தாள்.